ஒரு வாய்த் தண்ணீர், மூன்று நிமிடம்

எங்கள் பல் கிளினிக்கில் மூன்று ரப்பர் முத்திரைகள் இருக்கின்றன. ஒன்றில் முகவரி. இன்னொன்றில் ‘சிகிச்சை முடிந்தது’. மூன்றாவதில் ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை’. இந்த மூன்றாவதைத்தான் நாங்கள் அதிகம் குத்துகிறோம். அதன் பிடி மட்டும் கை பட்டுப் பட்டு மெருகேறியிருக்கிறது. கிளிப்பைக் கழற்றிய பிறகு பல் பழைய இடத்துக்கே ஓடிவிட்டதா, குத்து. பல் நகராமல் இருக்க மாட்டுகிற பிளேட்டைத் தொலைத்துவிட்டானா, குத்து. ‘நாங்கள் சரியாகப் பார்க்கவில்லை’ என்று நான்காவதாக ஒரு முத்திரை செய்யச் சொல்லி இதுவரை யாரும் ஆர்டர் கொடுக்கவில்லை.

நாக்கு டீச்சர் அந்த மூன்றாவது முத்திரையை ஒன்பது வயதுப் பெண் ஒருத்தியின் கார்டில் குத்தினார். பிறகு அதை இல்லாமல் ஆக்கப் பாடுபட்டார். அவரைப் பற்றி எழுதும்போது அவருடைய நல்ல குணங்களில் தொடங்கவே எனக்கு ஆசை. ஆனால் அந்த ஊதா மையைத் தாண்டிப் போக முடியவில்லை.

நான் அதே கிளினிக்கின் பின்பக்கம் பிளேட் செய்கிறவன். பற்களின் அச்சைப் பிளாஸ்டரில் வார்ப்பதும், டாக்டர் எழுதிக் கொடுக்கிறபடி கம்பி வளைப்பதும் என் வேலை. என் அறைக்கும் டீச்சரின் அறைக்கும் நடுவே பிளைவுட் தடுப்பு ஒன்றுதான். அந்தப் பக்கம் ஒருவர் தண்ணீர் விழுங்கினால் இந்தப் பக்கம் கேட்கும். பேச்சு குறைவான ஆளுக்குக் காது சும்மா இருக்காது. அதனால் அந்தப் பக்கம் நடந்த எல்லாம் எனக்குத் தெரியும். தெரியாது என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது.

டீச்சர் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர் இல்லை. பத்தொன்பது வருடம் பெரிய டாக்டரின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயை நோயாளிகளின் வாயில் பிடித்தவர். “டாக்டர் பல்லப் பாப்பாரு. எனக்குப் பாக்க மிச்சம் இருந்தது நாக்குதான்” என்பார். சில நாக்கு குழாயைக் கண்டதும் பின்னால் போய்ச் சுருண்டுகொள்ளுமாம். சில, குழாயை வீட்டு வாசலில் வந்த விற்பனைக்காரனைப் போல வெளியே தள்ளிக்கொண்டே இருக்குமாம். இன்னும் சில நாக்கு, ஒரு வேலையும் இல்லாத நேரத்தில்கூட முன்பற்களின் முதுகில் சாய்ந்துகொண்டு நிற்குமாம். அப்படிச் சாய்ந்த நாக்குக்காரர்கள்தான் கிளிப் கழற்றி இரண்டு வருடத்தில் மறுபடி வந்தார்கள். பல் மறுபடி விரிந்திருந்தது. டீச்சர் அதை நாலைந்து தடவை டாக்டரிடம் சொல்லிப் பார்த்தார். “சிஸ்டர், குழாயப் புடிங்க” என்றுதான் பதில் வந்தது.

பிடித்தார். ஆனால் வார இறுதிகளில் நான்கு மணி நேரம் ரயிலில் போய், இரண்டு வருடம் படித்து, ஒரு சான்றிதழோடு வந்து நின்றார். நாக்கும் உதடும் தாடையும் தவறாகப் பழகிவிட்டால் அவற்றை எப்படித் திரும்பப் பழக்குவது என்பதுதான் படிப்பு. நாற்பத்திரண்டு வயதில், அவரைவிடப் பாதி வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து, கண்ணாடி பார்த்து நாக்கை நீட்டி மடக்கிப் படித்தார். டாக்டர் வாழ்த்திவிட்டு, கருவிகளை ஆவியில் சுடவைக்கும் பெட்டி இருந்த ஸ்டோர் ரூமில் பாதியை ஒதுக்கிக் கொடுத்தார். மறுவாரமே வாசல் பலகையில் ‘நாக்கு, உதடு, தாடைப் பயிற்சி’ என்று ஒரு வரி ஏறியது. குழாய் பிடித்தவரின் பெயர் அந்தப் பலகையில் ஏறவில்லை.

அவர் கணவர் மின்சார மீட்டர் ரீடிங் எடுக்கிறவர். ஒருநாள் சாப்பாட்டுப் பாத்திரம் கொடுக்க வந்தவர் என்னிடம் சொன்னார்: “டிவி பாத்துக்கிட்டே இருப்பேன் தம்பி. திடீர்னு, உங்க நாக்கு எங்க இருக்குன்னு கேப்பா. வாய்க்குள்ளதான் இருக்கு, வேற எங்க போகும்னு சொல்லுவேன். வாய்க்குள்ள எங்கன்னு அடுத்த கேள்வி வரும். செய்தி முடிஞ்சே போயிடும்.”

ஆனால் கேள்வி அர்த்தமுள்ளது. சும்மா இருக்கும்போது நாக்கு மேலண்ணத்தில், மேல்வரிசை முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால் ஒட்டிக்கொண்டு இருக்க வேண்டும். உதடு மூடியிருக்க வேண்டும். பல்லும் பல்லும் ஒன்றையொன்று தொடக் கூடாது. நாளெல்லாம் விழுங்கிக்கொண்டே இருக்கிறோம். ஒவ்வொரு விழுங்கலுக்கும் நாக்கு மேலே அழுத்தாமல் முன்னால் தள்ளினால், எந்தப் பல்தான் நிற்கும். டீச்சர் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார். நாக்கு நுனியில் ஒரு சின்ன ரப்பர் வளையத்தை வைத்து, அதை அண்ணத்தில் ஒட்டவைத்து, விழாமல் விழுங்கச் செய்வார். உதட்டுக்கு நடுவே ஐஸ் குச்சி. கடைசியில் தண்ணீர்.

தாடையை இறுக்குகிற பெரியவர்களும் வருவார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் இப்படிப் பேச்சு கேட்கும்:

“பல்லக் கடிக்காதீங்க சார்.”

“நான் எங்கங்க கடிச்சேன்.”

“இப்ப கடிச்சிக்கிட்டேதான் சொன்னீங்க.”

“என் பொண்டாட்டியும் இதையேதான் சொல்றா.”

“அவங்களையும் ஒருநாள் கூட்டிட்டு வாங்க. ரெண்டு பேர்ல யாரு மொதல்ல கடிச்சீங்கன்னு பாப்போம்.”

இப்படிச் சிரிக்கவைத்தே சிக்கலைப் பிடித்துவிடுகிறவர் அந்தச் சின்னப் பெண்ணை மட்டும் பிடிக்கத் தவறினார். எப்படி என்பதைச் சொல்லவேண்டும்.

அவளைக் கூட்டி வந்தவர் அப்பா. லிஃப்ட் மெக்கானிக். விரல் இடுக்கில் கிரீஸ், தோளில் ஸ்பேனர் பை. அம்மாவுக்கு ஷிப்ட் வேலை. பெண்ணுக்கு மேல் முன்பல்லும் கீழ் முன்பல்லும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. கடைவாய் மூடினாலும் முன்னால் ஒரு பென்சில் நுழையும் இடைவெளி. அவளே தன் ஜாமெட்ரி பெட்டியிலிருந்து பென்சிலை எடுத்து நுழைத்துக் காட்டினாள்.

“கிளாஸ்ல ஜன்னல்னு கூப்புடுவாங்க. நான் கண்டுக்க மாட்டேன். ஜன்னல் இருந்தாத்தான் காத்து வரும்.”

எல்லோரும் சிரித்தோம். வாயாடி என்று கவுன்ட்டரில் இருந்த பெண் கன்னத்தைக் கிள்ளினாள்.

செவ்வாய்க்கிழமைதோறும் வந்தாள். வளையம் வைத்தால் நன்றாகவே விழுங்குவாள். குச்சியும் தண்ணீரும்தான் தகராறு. ஒரு வாய்த் தண்ணீரை வைத்துக்கொண்டு, உதட்டை மூடி, மூக்கால் மூச்சு விட்டபடி மூன்று நிமிடம் இருக்கவேண்டும். டீச்சரும் கூடவே ஒரு வாய் வைத்துக்கொள்வார், அது அவர் வழக்கம். முப்பது விநாடிவரை அந்தப் பெண் சுவர்க் கடிகாரத்தை முறைத்துக்கொண்டு நிற்பாள். பிறகு கண் விரியும், தோள் ஏறும். நாற்பது வாக்கில் பீறிட்டுச் சிரித்து, தண்ணீரைக் கண்ணாடியெல்லாம் தெளிப்பாள். ஒவ்வொரு வாரமும் இதே கூத்து. டீச்சர் துடைத்துவிட்டுக் கார்டில் எழுதுவார்: முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று, முப்பத்தைந்து, நாற்பத்திரண்டு. பக்கத்தில்: ‘சிரித்து விளையாடுகிறாள். அடம்.’

அந்தக் கார்டின் மேலே ‘மூக்கு’ என்று ஒரு வரி உண்டு. சின்ன டாக்டர் முதல் நாள் பார்த்து எழுதவேண்டிய வரி. அவர் காலையில் டீ வருவதற்குள் இருபது புதுக் கார்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு, அந்த வரியில் ‘சரி’, ‘சரி’, ‘சரி’ என்று எழுதிவிடுவார். நோயாளி அப்போது வீட்டில் பல் தேய்த்துக்கொண்டிருப்பார். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். வேலையில் என்ன வேகம் என்று வேறு பேசிக்கொள்வோம். டீச்சருக்கும் தெரியும்.

நான்காம் மாதம் அப்பா சொன்னார்: “தூங்கும்போது பொண்ணு வாயத் தொறந்துட்டே இருக்கா. ஒரு வீடியோவுல பாத்து உதட்டுல டேப்பு ஒட்டினேன். பிச்சு எறிஞ்சிட்டா.”

“டேப்பெல்லாம் வேணாம்பா. தோல் உரிஞ்சிடும்” என்றார் டீச்சர். சொன்னது சரியான பேச்சு. காரணம்தான் தப்பு. தோலைப் பற்றிக் கவலைப்பட்டோம். அந்தப் பிள்ளை ஏன் பிய்த்து எறிந்தாள் என்று ஒருவர் கேட்கவில்லை.

இருபத்துமூன்று வாரம் முடிந்ததும் முத்திரை விழுந்தது. அதற்குக் கீழே டீச்சரின் கையெழுத்து. அதைப் பார்த்துவிட்டுப் பெரிய டாக்டர் எனக்கு ஒரு சீட்டு எழுதினார்: மேல் முன்பற்களுக்குப் பின்னால் கம்பி வேலி, நாலு முள்ளோடு. கடைவாய்ப் பல்லில் சிமென்ட் வைத்து ஒட்டிவிடுவது. கழற்ற முடியாது. நாக்கு முன்னால் வந்தால் குத்தும். ஒரு வருடம். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் போடவேண்டும்.

நான் அச்சை வார்த்து, குறட்டால் கம்பியை வளைத்து, முள் நுனிகளைத் தேய்த்து மழுக்கினேன். மழுக்கினாலும் முள் முள்தான். என் சுண்டுவிரலை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

புதன்கிழமை டீச்சருக்கு ஜலதோஷம். பேங்க் கேஷியர் அம்மா ஒருவர் பயிற்சிக்கு வந்திருந்தார். வழக்கம்போல இருவரும் ஆளுக்கு ஒரு வாய்த் தண்ணீர் வைத்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிசப்தம். பிறகு ஒரு திணறல், நாற்காலி தேய்கிற சத்தம், தண்ணீர் தரையில் சிந்துகிற சத்தம். கேஷியர் அம்மா வாய்த் தண்ணீரோடு ‘ம்ம்’ என்று சிரிப்பது கேட்டது. டீச்சர் சிரிக்கவில்லை. நீண்ட நேரத்துக்குப் பிறகு கார்டு டிராயரை இழுக்கும் சத்தம் மட்டும் வந்தது.

கேஷியர் அம்மா போன கையோடு டீச்சர் என் அறைக்கு வந்தார். கையில் கார்டு, ஒரு டம்ளர் தண்ணீர். கோட்டின் முன்பக்கம் ஈரம்.

“தம்பி, மூக்க நல்லா அமுக்கிப் புடிச்சிக்கிட்டு இத வாயில வைங்க.”

ஏன் என்று கேட்காமல் வைத்தேன். பத்து விநாடி விளையாட்டாக இருந்தது. அப்புறம் காதுக்குள் இரைச்சல். நெஞ்சு தானாகத் தூக்கிப் போட்டது. சிங்க்கில் துப்பினேன்.

“இருபத்தாறு” என்றார். “எனக்கு முப்பத்தொண்ணு. மூக்கு அடச்சிருக்கு, அதனால. நீங்களும் நானும் வளந்த ஆளுங்க. அவ நாப்பத்திரெண்டு.”

எனக்கு உடனே விளங்கவில்லை.

“சிரிக்கல தம்பி அவ. மூச்சுக்குத் தவிச்சிருக்கா. அது எனக்குத் தெரியக் கூடாதுன்னு சிரிச்சிருக்கா. இருபத்திமூணு வாரம் வந்து மூச்சடக்கிட்டுப் போயிருக்கா. நான் அதுக்குப் பேரு அடம்னு எழுதி வச்சிருக்கேன்.”

அவர் கண் என் மேஜைமேல் இருந்த வேலிக்குப் போனது. நிறுத்து என்று அவர் என்னிடம் சொல்லவில்லை. நானும் நிறுத்தவில்லை. சாயங்காலத்துக்குள் அதை மெருகேற்றி முடித்தேன். இதையும் எழுதவேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

கடைசி நோயாளி போன பிறகு டீச்சர் பெரிய டாக்டரிடம் போனார். கதவு திறந்தே இருந்தது.

“சார், வெள்ளிக்கிழமை வேலி வேணாம். அந்தப் பொண்ணுக்கு மூக்கு அடச்சிருக்குன்னு நினைக்கிறேன். மொதல்ல மூக்கு டாக்டர் பாக்கணும்.”

“கார்டுல மூக்கு சரின்னு இருக்கே சிஸ்டர்.”

“அது பாக்காம எழுதினது.”

பக்கத்தில் இருந்த சின்ன டாக்டர் தன் கைபேசியில் மிக முக்கியமான ஒன்றைப் படிக்க ஆரம்பித்தார்.

“இப்ப வந்து சொல்றீங்க. ஆறு மாசமா என்ன பண்ணீங்க?”

“அதத்தான் சார் நானும் மத்தியானத்துலேர்ந்து கேட்டுக்கிட்டிருக்கேன்.”

“பாருங்க, முத்திரை நீங்க குத்தினது. கையெழுத்து உங்களோடது. அவங்கப்பாகிட்டயும் சொல்லியாச்சு. நாக்குங்கிறது ஒரு தசை. ரெண்டு தடவ குத்தினா மூணாவது தடவ தானா ஒதுங்கிக்கும்.”

“ஒதுங்கி எங்க சார் போகும்? மேல போயி அண்ணத்துல ஒட்டினா வாய் வழியா வர்ற மூச்சும் நின்னுடும். அதனாலதான் கீழயே கெடக்கு. அதப் போயி முள்ளால குத்துறதா?”

“நீங்க படிச்சது வீக்கெண்ட் கோர்ஸ்” என்றார் டாக்டர், குரலை உயர்த்தாமல்.

“ஆமா சார். அந்த வீக்கெண்ட் கோர்ஸ்லயே மொத பாடம் மூக்குதான்.”

டாக்டர் கை கழுவப் போனார். தண்ணீர் சத்தத்துக்கு மேல் சொன்னார்: “வெள்ளிக்கிழமை போட்டுடலாம். மூக்க அப்புறமா பாத்துக்கலாம். வீட்டுக்காரங்களக் கொழப்பி விடாதீங்க.”

எனக்கு இன்றைக்கும் ஆறாத வார்த்தை அந்த ‘அப்புறமா’. மூச்சை அப்புறமாகப் பார்த்துக்கொள்ளலாமாம். பல் அவசரமாம்.

வியாழக்கிழமை முழுக்க டீச்சர் அப்பாவுக்குப் போன் அடித்தார். லிஃப்ட் குழிக்குள் இருக்கும் மனிதருக்கு சிக்னல் ஏது. எட்டு தடவை அடித்தும் கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு முன் அறை நிரம்பியிருந்தது. அப்பாவும் பெண்ணும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே சிமென்ட், கையுறை, டிரேயில் என் வேலி எல்லாம் தயார். டீச்சர் குளிர்பெட்டியில் வைத்திருந்த ஒரு சின்னக் கண்ணாடியும் ஒரு டம்ளர் தண்ணீருமாக முன் அறைக்கு வந்தார். நான் அச்சைக் கொண்டுபோகிற சாக்கில் கதவோரம் நின்றுகொண்டேன்.

பெண்ணின் மூக்குக்குக் கீழே கண்ணாடியைப் பிடித்து, “வாய மூடி மூச்சு விடும்மா, முடிஞ்ச வரைக்கும்” என்றார். நல்ல மூக்காக இருந்தால் குளிர்ந்த கண்ணாடியில் இரண்டு ஆவித் திட்டுகள் படியும். ஒரு பக்கம் ஒன்றுமே படியவில்லை. மறுபக்கம் ஒரு பொட்டு அளவு வந்து, அதுவும் மறைந்தது.

“இது என்னங்க புதுசா?” என்றார் அப்பா.

“ஆறு மாசத்துக்கு முன்னாடியே பண்ணியிருக்கணும். நீங்க இந்தத் தண்ணிய ஒரு வாய் வைங்க. மூக்க அமுக்கிப் புடிங்க.”

“எனக்கு எதுக்குங்க? பல்லு எனக்கா கோணல்?”

“வைங்க.”

பொறுப்பு கிடைத்த சந்தோஷத்தில் பெண் எழுந்து நின்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து உரக்க எண்ணினாள். பத்தொன்பதில் அப்பா தன் சட்டைமேலேயே துப்பினார். முன் அறையே சிரித்தது.

“அப்பா அவுட்டு” என்றாள்.

“இவ நாப்பத்திரெண்டு எண்ணுற வரைக்கும் நின்னிருக்கா” என்றார் டீச்சர். “யாரும் மூக்க அமுக்கல. அது தானாவே அடச்சிக் கெடக்கு. இவ அடம்புடிக்கலைங்க. நான்தான் தப்பா எழுதிட்டேன். நாங்க மூக்கப் பாக்கவே இல்ல. பாக்காமலே கார்டுல சரின்னு எழுதியிருக்கோம்.”

சட்டையைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பாவின் கை நின்றது.

“அப்ப நான் ஒட்டின டேப்பு…” என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

“நான் மொத நாளே சொன்னேனே” என்றாள் பெண். அதில் கோபம்கூட இல்லை, தேதி சொல்வது போலத்தான் சொன்னாள். “மூச்சு முட்டுது டீச்சர்னு சொன்னேன். எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க, பழகிடும்னு சொன்னீங்க.”

“சொன்னே” என்றார் டீச்சர். “நீ சொன்னே. நான் கேக்கல.”

அவள் சொன்னது உண்மை. தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்து நானும்தான் கேட்டேன். ஒரு குழந்தை மூச்சு முட்டுகிறது என்கிறாள். அதற்கு மேல் தெளிவாக ஒரு மனிதப் பிறவி எதைச் சொல்லிவிட முடியும்.

சத்தம் கேட்டுப் பெரிய டாக்டர் வந்தார். “சிஸ்டர், உள்ள வாங்க. நீங்க பாப்பாவக் கூட்டிட்டு வாங்க சார், அஞ்சு நிமிஷ வேலை.”

“இருங்க டாக்டர்” என்றார் அப்பா. எழுந்தபோது ஸ்பேனர் பை சரிந்து தரையில் விழுந்தது. அவர் எடுக்கவில்லை. “நான் ஒண்ணு கேக்கணும். இவ மூக்கப் பாத்தது யாரு?”

டாக்டர் கவுன்ட்டரில் இருந்த கார்டைப் பார்த்தார்.

“கார்டுல சரின்னு எழுதியிருக்குல்ல. பாத்த ஆளக் கூப்புடுங்க.”

“அது வழக்கமான…” என்று டாக்டர் இழுத்தார்.

“லிஃப்ட்டு கயிறப் பாக்காம நான் சரின்னு எழுதினா என்ன பண்ணுவாங்க தெரியுமா? என்னத் தூக்கி உள்ள போடுவாங்க. அதுவும் ஆளு விழுந்த பெறகு இல்ல. எழுதினதுக்கே.” அவர் டீச்சர் பக்கம் திரும்பினார். “நீங்க மட்டும் என்ன. இன்னிக்கு வந்து நல்லவங்க மாதிரி நிக்கிறீங்க. பொண்ணு அடமா இருக்கா, வீட்ல கொஞ்சம் கண்டிச்சு வைங்கன்னு நீங்கதான சொன்னீங்க. நான் போயி கண்டிச்சேங்க. கை வச்சு கண்டிச்சேன்.”

டீச்சர் தலையைக் குனியவில்லை. அது எனக்குப் பிடித்தது. குனிந்திருந்தால் அவரைத் தேற்றுகிற வேலை அந்த மனிதருக்கு வந்து சேர்ந்திருக்கும்.

“ஆமா, நான்தான் சொன்னேன்” என்றார். கவுன்ட்டரில் இருந்த கார்டை எடுத்து, ஊதா முத்திரைமேல் பேனாவால் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். கீழே எழுதினார், எழுதியதை எல்லோருக்கும் கேட்கப் படித்தார்: “இந்தக் குழந்தை முழுமையாக ஒத்துழைத்தாள். மூக்கு பரிசோதிக்கப்படவில்லை. தவறு என்னுடையது, கிளினிக்குடையது.” தேதி போட்டுக் கையெழுத்திட்டார்.

“கார்டுல அடிச்சுத் திருத்தக் கூடாது சிஸ்டர். அது சட்டப்படி தப்பு.”

“பாக்காம சரின்னு எழுதுறது சார்?”

 டாக்டர் உள்ளே போய்க் கதவை மூடிக்கொண்டார்.

அப்பா அந்தக் கார்டைக் கேட்டார். கொடுக்க முடியாது என்றாள் கவுன்ட்டர் பெண். டீச்சரே அதை ஜெராக்ஸ் எடுத்து, இரண்டு பக்கத்தையும், மடிக்காமல் ஒரு உறையில் போட்டுக் கொடுத்தார். அவர் நன்றி சொல்லவில்லை. ஏன் சொல்லவேண்டும். பையைத் தோளில் போட்டு, பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார். படிக்கட்டில் அவள் கேட்டது காதில் விழுந்தது: “அப்ப இன்னிக்குப் பல்லுல ஒண்ணும் போட மாட்டாங்களா?”

“போட மாட்டாங்க.”

“ஸ்கூல் பாதி நாள் இருக்கே. போகணுமா?”

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து டீச்சருக்கு வாரத்தில் நாலு நாள் மறுபடி குழாய் பிடிக்கிற வேலை. ஆள் குறைவு என்று காரணம் சொன்னார்கள். ஸ்டோர் ரூமில் கையுறைப் பெட்டிகள் அவர் நாற்காலிவரை வந்துவிட்டன. மீதி இருந்த ஒரு நாளில் அவர் பழைய கார்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, முத்திரை விழுந்த வீடுகளுக்குப் போன் செய்தார். “உங்க பையன் மூக்க நாங்க பாக்கல. ஒரு மூக்கு டாக்டர்கிட்ட காட்டுங்க.” சிலர் திட்டினார்கள். சிலர் எந்த கிளினிக் என்று மறந்திருந்தார்கள். ஒரு அம்மா மட்டும், இப்போதே வந்து உங்களைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். வரவில்லை. டாக்டர் இதை அறிந்தபோது கிளினிக் போனைப் பயன்படுத்தக் கூடாது என்றார். டீச்சர் தன் போனில் பேசினார்.

இரண்டரை மாதம் கழித்து லிஃப்ட் மெக்கானிக்கே அழைத்தார். டீச்சர் குழாய் பிடித்துக்கொண்டிருந்ததால் முடிந்த பிறகு என் அறையில் வந்துதான் திரும்ப அழைத்தார். அந்தப் பழைய போனில் மறுபக்கக் குரலும் வெளியே கேட்கும். மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்து வழியை முழுக்க அடைத்திருந்ததாம். எடுத்துவிட்டார்களாம். இப்போது நாக்குக்குப் பயிற்சி கொடுத்தால் பல் கூடிவரலாம் என்று அந்த டாக்டர் சொன்னாராம்.

“உங்கள விட்டா இந்தப் பக்கம் யாரும் இல்லைங்கிறாங்க. எனக்கு உங்க மேல கோவம் போகல. அது வேற. ஆனா இவதான் வரமாட்டேங்கிறா.”

“என்ன சொல்றா?”

போன் சற்றுத் தள்ளிப் போன மாதிரி இருந்தது. பின்னால் அந்தப் பெண்ணின் குரல்: “அந்த டீச்சர்கிட்ட மாட்டேன். மாட்டேன்னா மாட்டேன்.”

டீச்சர் என்னைப் பார்த்தார். முன்பெல்லாம் அவள் பேச்சில் ‘மா’ என்பது ‘பா’ என்றுதான் விழும்; மேலே நான்தான் திருத்தி எழுதியிருக்கிறேன். குழந்தைப் பேச்சு என்று நினைத்துக் கொஞ்சியிருக்கிறோம், ஆறு மாதம். இப்போது அந்த ‘மாட்டேன்’ மூக்கிலிருந்து கணீரென்று வந்தது.

“அவள வற்புறுத்தாதீங்க” என்றார் டீச்சர். “என்கூடப் படிச்சவங்க ஒருத்தங்க இருக்காங்க. பஸ்ஸுல ஒன்றரை மணி நேரம் ஆகும். நல்லா பாப்பாங்க. நான் எல்லாத்தையும் எழுதி அனுப்புறேன், நான் பண்ணதையும் சேத்து.”

“சரிங்க.”

“இன்னொரு தடவ அவளப் பேசச் சொல்லுங்களேன்.”

“என்ன பேசச் சொல்ல?”

“அதேதான். மாட்டேன்னு.”

அப்பா பெண்ணிடம் சொல்வது கேட்டது. பிறகு அவள், “அதான் ஒரு தடவ சொல்லிட்டேன்ல” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.